துரை பார்த்தால் குச்சி வரும்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் டெக்னீஷியன்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று நான் விசாரிக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: புதிதாக வந்த மெஷினில் காற்று வால்வு தாமதமாக அடிக்கிறது, எப்போதும் இல்லை, எப்போதாவதுதான், எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று. நான் ரொம்ப நேரம் யோசித்து, "மத்தியானத்தில் மட்டும் பார்க்காதே தம்பி" என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகங்கள் ஏழெட்டு வந்தன. ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். குணா என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். நான் பிறந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா மருந்தடிக்கும் வேலை, அம்மா கொழுந்து பறிப்பு. ஈப்போவில் இரண்டு வருடம் தொழிற்பயிற்சி, திரும்பி வந்து தொழிற்சாலையில் மோட்டார், பிறகு ரிலே, பிறகு கன்ட்ரோல் பெட்டி. இருபது வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மோட்டார் எரியும், மாற்றுவோம். எரிந்த மோட்டார் நாறும், அதனால் எந்த மோட்டார் என்று தேடவும் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் என் மூக்குக்கு வேலை போயிற்று.

என்னை ஐந்து நாள் பினாங்குக்குப் படிக்க அனுப்பினார்கள். மெஷின்களுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் ஓடுவது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவதைப் போன்றதல்ல, அதற்கு நிகழ்நேர இயங்குதளம் என்று பெயர். 'ரியல் டைம்' என்றால் வேகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லையாம். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதுதானாம். உள்ளே வேலைகள் பல, மூளை ஒன்று. எது முதலில், எது அடுத்தது என்று தகுதி பார்த்து மூளையைப் பங்கு போட்டுக் கொடுப்பது அந்த இயங்குதளத்தின் பொறுப்பு. அந்தப் பங்கு எங்கே சிக்குகிறது, எந்த வேலை ஏன் பிந்துகிறது என்று தேடுவதுதான் என் கடைசிப் பத்து வருடப் பிழைப்பு.

முதலில் நான் பிடித்த தாமதம் சங்கு. வேலைக்குக் கூப்பிடும் காலை ஏழு மணிச் சங்கு மூன்று நிமிடம் பிந்தி ஊதும். மாலைச் சங்கோ நொடி தவறாது. ஒரே கடிகாரம், ஒரே பெட்டி. பார்த்தால், காலை ஏழு மணிக்கு அந்தப் பெட்டி உலர்த்தும் அடுப்புகளின் சூட்டையெல்லாம் ஒன்றொன்றாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் சங்குக்கு வருகிறது. சங்கை வரிசையின் தலைக்குக் கொண்டுபோனேன். மறுநாள் சரியாக ஏழுக்கு ஊதியது. ஒரு வாரத்துக்கு என்னிடம் யாரும் பேசவில்லை. பக்கத்து லயத்துக்காரர் மட்டும் வழிமறித்து, "ஒனக்கு அந்த மூணு நிமிசத்துல என்னா கெடுதி வந்துச்சி?" என்று கேட்டார்.

இப்போது அந்தப் பெரிய வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் துரையின் பெயர் ஜெயசீலன். கோலாலம்பூரில் படித்த தமிழர். 'மேனேஜர்' என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தார், தோட்டம் கேட்கவில்லை, துரையாகவே நின்றார். நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். எதிரே நாற்காலி கிடையாது. அவர் நிற்கும்போது நாம் உட்கார முடியாது, நாம் நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். அதனால் அந்த அறையில் எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. குரலை உயர்த்த மாட்டார். எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள்: என்ன, எப்போது, எப்படித் தெரியும். முதல் இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதில்தான் ஆட்கள் விழுவார்கள். நான் பலமுறை விழுந்திருக்கிறேன். விழுந்தவரைத் திட்ட மாட்டார், "திரும்ப ஒரு தடவ பாத்துட்டு வாங்க" என்பார். அதற்குத் திட்டே தேவலை.

தேயிலை ருசி பார்ப்பதில் அவர் பெரிய ஆள். செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சுவார். அந்தச் சத்தம் லோரி பிரேக் போடுவது போல இருக்கும். வாயில் சுழற்றிவிட்டுப் பக்கத்து வாளியில் துப்பிவிடுவார். ஒரு சொட்டு விழுங்கியதை யாரும் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் வந்தது. உலர்ந்த தேயிலை ஒரு சரிவில் மெல்லிய திரையாக விழும். விழும்போது கேமரா ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கும். கறுப்பாக இருந்தால் இலை, வெளுத்திருந்தால் குச்சி. குச்சி என்று தெரிந்தால், ஒன்றரை அங்குலம் கீழே இருக்கும் காற்றுக் குழாய் 'டக்' என்று ஊதி அதைத் தனியே தள்ளிவிடும். கேமரா பார்ப்பதற்கும் காற்று ஊதுவதற்கும் இடையே பன்னிரண்டு மில்லி நொடி. கண் இமைக்கும் நேரத்தில் அது பத்துத் தடவைக்கு மேல் வந்து போய்விடும். அந்தப் பன்னிரண்டு தவறினால் குச்சி தப்பித்துக் கீழே போய்விடும். காற்று சும்மா இருக்காது, பின்னால் வந்த நல்ல இலையைப் பிடித்துத் தள்ளும்.

தள்ளப்படுவது கழிவுக் கூடையில் விழும். அந்தக் கழிவுதான் எங்கள் கேண்டீனில் தேத்தண்ணி. கேண்டீனை நடத்தியவர் சரஸ்வதி. சரஸ்வதி என் மனைவி.

மெஷின் வந்து ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு தலைமை அலுவலகம் துரையின் அறைக்குப் பெரிய திரை ஒன்றை அனுப்பியது. மெஷினின் கேமராக்கள் பார்ப்பதை அவரும் அறையிலிருந்தே பார்க்கலாம். அதை மாட்டி, வயர் இழுத்து, இணைத்துக் கொடுத்தவன் நான்தான். துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் காலை பத்து மணிக்கு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு முன்னால் நிற்பார். ஒவ்வொரு கேமராவாக அமுக்கி, பெரிதாக்கி, மறுபடி அமுக்கிப் பார்ப்பார். பதினோரு மணிக்குத் தோட்டத்தைச் சுற்றக் கிளம்புவார்.

இரண்டு மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து புகார் வந்தது. முதல் தரப் பெட்டிகளில் குச்சி. எல்லாப் பெட்டியிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். துரை என்னைக் கூப்பிட்டு மெஷினைச் சோதிக்கச் சொன்னார். புகார் வந்த கவலையில் அவர் திரைக்கு முன்னால் நிற்கும் நேரமும் கூடியது. பதினொன்றரை வரை நின்றார். அடுத்த வாரம் குச்சியும் கூடியது. அவர் இன்னும் கவனமாகப் பார்த்தார்.

நான் மூன்று நாள் சோதித்தேன். காற்றழுத்தம் பார்த்தேன், விளக்கு மாற்றினேன், வால்வுகளைக் கழற்றிக் கழுவினேன். கேமராவின் வயரிலும் வால்வின் வயரிலும் அளவுக் கருவியை மாட்டி இடைவெளியை அளந்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. நூற்றுக்கணக்கில் அளந்தேன். மெஷினே எழுதிவைக்கும் குறிப்பையும் பார்த்தேன். இத்தனை குச்சி பார்த்தேன், இத்தனை தடவை ஊதினேன் என்றது. இரண்டும் பொருந்தின. கழிவின் எடையும் மாறவில்லை. ஆகவே "மெஷினில் எந்தப் பழுதும் இல்லை" என்று அறிக்கை எழுதி, கீழே என் கையெழுத்தையும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

சோதனைகள் மூன்று நாளும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நடந்தன. அப்போதுதான் கூட்டம் குறைந்திருக்கும், நிம்மதியாக வேலை செய்யலாம். காலை பத்து மணிக்கு நான் கேண்டீனில் இருப்பேன். அந்த இரண்டு மாதமாகக் கேண்டீன் தேத்தண்ணி அபாரமாக இருந்தது. நல்ல செந்நிறம், நாக்கில் பிடிக்கும் சுவை. சரஸின் கைப்பக்குவம் முப்பது வருடம் கழித்து வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கோப்பை குடிப்பேன். அவளிடமும் அப்படியே சொன்னேன். அந்தப் பாராட்டை அவள் விரும்பவில்லை.

தேத்தண்ணியை ரசித்தவர்களில் சாமிநாதன் கிராணியும் ஒருவர். பெட்டி கட்டும் அறையின் கணக்கு எழுதுவது அவர் பொறுப்பு. ரசித்தவர் அத்தோடு விட்டிருக்கலாம். ஒருநாள் கேண்டீனுக்குள் போய் டின்னைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்திருக்கிறார். குச்சி கொஞ்சம்தான், மற்றதெல்லாம் முதல் தர இலை. டின்னைக் கையோடு துரையிடம் கொண்டுபோய்விட்டார்.

துரை என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பக்கம் டின், மறுபக்கம் என் அறிக்கை. நான் நின்றேன். அவர் நின்றார்.

"குணா, இந்த எல கழிவுக் கூடையிலேருந்து எடுத்ததுன்னு ஒங்க வீட்டுல சொல்றாங்க."

"அவ சொன்னா அப்படித்தான் இருக்கும், தொர."

"மெஷின்ல பழுது இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. பழுது இல்லாத மெஷின் முதல் தரத்தக் கழிவுல தள்ளுமா?"

என் கையெழுத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை. மெஷின் சரி என்றால் என் மனைவி திருடி. என் மனைவி திருடியில்லை என்றால் நான் பொய் அறிக்கை எழுதியவன். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், எதற்கும் ஆதாரம் இல்லை. விசாரணை முடியும் வரை கேண்டீன் மூடியிருக்கட்டும், திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றார் துரை. அன்று புதன்கிழமை.

வீட்டில் சரஸ் சமையல் மேசையில், கேண்டீனிலிருந்து கொண்டுவந்த மீதி இரண்டு டின்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேண்டீன் போனால் போகட்டும், கியா பார்ம் சந்தையில் தங்கை கடையில் ஸ்ட்ராபெரி விற்கப் போகிறேன், திருடி என்ற பெயரோடு மட்டும் இந்தத் தோட்டத்து வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள். நான் தேத்தண்ணி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கையெழுத்துப் போட்டீங்கள்ல, அதக் கலக்கிக் குடிங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். ஒரு நாளைக்கு மூன்று முறை அவள் கழிவுக் கூடையை எடுத்துவருவாள். காலை ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று, சாயங்காலம் நாலுக்கு ஒன்று. மூன்றின் ருசியும் வேறு என்பதால் மூன்று டின்னில் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தாள். நல்ல டின்னை மறுநாள் பத்து மணிக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வாள்.

"ஒம்பது மணிக் கூட குச்சி. நாலு மணிக் கூட குச்சி. நடுவுல உள்ளதுதான் எல. தெனமும் இப்படித்தான்" என்றாள். பிறகு டின்னின் மூடியை மூடிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம மூணும் குச்சி. தொர கோலாலம்பூர் போன ரெண்டு நாளும் மூணும் குச்சி. தொர இருந்தா எல வருது, இல்லாட்டி இல்ல. ஏன்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான டெக்னீசியன்" என்றாள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நல்லது வரும்போது ஏன் என்று கேட்டால் நின்றுவிடும் என்று பேசாமல் இருந்தாளாம்.

மறுநாள் பத்து மணிக்கு நான் மெஷினிடம் நின்றேன். கேண்டீன் மூடியிருந்ததால் அதில் என் தியாகம் ஒன்றும் இல்லை. அளவுக் கருவியை மாட்டினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. பத்து மணி ஐந்து நிமிடம். பன்னிரண்டு, பன்னிரண்டு, நாற்பத்தொன்று. பன்னிரண்டு, முப்பத்தெட்டு, நாற்பத்து நாலு. கருவியை அப்படியே விட்டுவிட்டு ஆபிஸ் பக்கம் ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேமராக்களை அமுக்கிக்கொண்டிருந்தார். குச்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் பட்ட பாடு அவர் முகத்தில் தெரிந்தது.

மெஷின் விற்ற கம்பெனியின் பினாங்கு எஞ்சினியர் வோங். அவருக்குப் போன் போட்டேன். அப்படி நடக்கவே நடக்காது என்றார். எண்களைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். மெஷினின் படத்தை வேறு எங்காவது பார்க்கிறார்களா என்று கேட்டார். எங்கள் மேனேஜர் பார்க்கிறார் என்றேன். நாளைக்கே வருகிறேன் என்றார்.

மறுநாள் பள்ளி விடுமுறை தொடக்கம். கம்போங் ராஜா வழியாக மலை ஏறியவர் கியா பார்ம் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டார். மில்லி நொடித் தாமதத்தைச் சரிசெய்ய வந்தவர் நாலு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார், கையில் ஒரு பை கீரையோடு. கார் நகராததால் இறங்கி வாங்கினாராம். துரை தோட்டத்தைச் சுற்றப் போயிருந்ததால், திரைக்கு முன்னால் நின்று கேமராக்களை அமுக்கும் வேலையை நானே செய்தேன்.

நான் மெஷினுக்குத் திரும்பியபோது, உள்ளே நடந்த வேலைகள் அவருடைய லேப்டாப்பில் நிறக் கோடுகளாகப் பதிவாகியிருந்தன. சிவப்பு, காற்று ஊதும் வேலை. அதற்குத்தான் முதல் தகுதி. நீலம், திரைக்குப் படம் அனுப்பும் வேலை. அது நடுத்தரம். மஞ்சள், குறிப்பு எழுதும் வேலை. அது கடைசி. குறிப்பேடு ஒன்று, அதற்குச் சாவியும் ஒன்று. மஞ்சள் சாவியை வாங்கி எழுதத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து, ஊதும் முன் பதிந்துகொள்ளச் சிவப்புக்கும் அந்தச் சாவி தேவைப்படுகிறது, காத்திருக்கிறது. மஞ்சளுக்கு ஒரு கணம் கொடுத்தால் எழுதி முடித்துச் சாவியைத் தந்துவிடும். ஆனால் துரை கேமராவை அமுக்குகிறார். நீலம் வருகிறது. மஞ்சளை விட நீலம் பெரிய ஆள், அதனால் மஞ்சளை ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் படம் அனுப்புகிறது. அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சாவி மஞ்சளின் மடியில். எல்லாரையும் விடப் பெரிய சிவப்பு வாசலில் நிற்கிறது. குச்சி கீழே போய்விடுகிறது.

வோங் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கீரைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். சரிசெய்வது சுலபம், ஒரே ஒரு அமைப்பை மாற்ற வேண்டும் என்றார். உடனே மாற்றலாமா என்றார். வேண்டாம் என்றேன். பழுது போய்விட்டால் ஆதாரமும் போய்விடும்.

துரை திரும்பி வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் நல்ல வாக்கியம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனேன். அறைக்குள் நுழைந்து அவர் எழுந்து நின்றதும் அது மறந்துவிட்டது.

"தொர, நீங்க பாக்குறதாலதான் குச்சி வருது" என்றேன்.

அவர் நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "எப்போ?"

"நீங்க பாக்குறப்பல்லாம்."

"எப்படித் தெரியும்?"

இந்த முறை நான் விழவில்லை. சாவி கதையைச் சொன்னேன். சாமான் அறைச் சாவியை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறீர்கள், வழியில் கிராணி அவனைப் பிடித்து வேறு வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார், நீங்கள் சாமான் அறை வாசலில் நிற்கிறீர்கள், கிராணிக்கும் அது தெரியாது, பையனுக்கும் சொல்லத் தைரியம் இல்லை என்றேன். துரை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அந்த அறையில் ஐந்து நிமிடத்தைத் தாண்டிய பேச்சு என் காலத்தில் அது ஒன்றுதான்.

"சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை சோதனை. அரை மணி நேரம் துரை திரையை அணைத்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். அந்த நேரத்துக் கழிவு ஒரு கூடை. அடுத்த அரை மணி நேரம் அவர் வழக்கம் போலப் பார்க்க வேண்டும். அது இன்னொரு கூடை. கூடைகளைச் சரஸ்தான் தூக்குவேன் என்றாள். அவள் பக்கத்திலேயே சாமிநாதன் கிராணி நடக்க வேண்டும் என்பதும் அவள் நிபந்தனைதான். மெஷினிலிருந்து துரை ருசி பார்க்கும் அறை வரை இரண்டு முறை அவர்கள் ஊர்வலம் போனதை மொத்தத் தொழிற்சாலையும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஒரே கெண்டி, ஒரே தண்ணீர், ஒரே அளவு. கோப்பைகளின் அடியில் கிராணியே எண் எழுதினார். எது எந்தக் கூடை என்று துரைக்குத் தெரியாது.

அளவுக் கருவியின் எண்கள் என் சட்டைப் பையில் இருந்தன. ஆனால் அந்த அறையில் எண்ணை நம்பத் தயாராக இருந்தவர் வோங் ஒருவர்தான்.

துரை முதல் கோப்பையில் கரண்டியை விட்டு உறிஞ்சினார். லோரி பிரேக் போட்டது. வாளியில் துப்பினார். கொஞ்சம் வேகமாகவே துப்பினார். இரண்டாவது கோப்பை. உறிஞ்சினார். வாயில் சுழற்றினார். வாளியை நோக்கிக் குனிந்தவர் பாதியில் நின்று, விழுங்கிவிட்டார்.

"இது நம்ம முதல் தரம்" என்றார்.

கிராணி கோப்பையைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். இரண்டாவது கூடை, அவர் கண்ணெதிரே கழிவிலிருந்து வந்தது. கிராணி பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார். சரஸ் கெண்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். குழாயடியில் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டையும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானமே வோங் அந்த அமைப்பை மாற்றினார். சாவியை வைத்திருப்பவன் எவ்வளவு சின்னவனாக இருந்தாலும், அதற்காகக் காத்திருக்கும் பெரியவனின் தகுதி சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவனுக்கும் உண்டு. மஞ்சள் சாவியோடு இருக்கும்போது நீலம் குறுக்கே வர முடியாது. அவ்வளவுதான் மாற்றம். திங்கட்கிழமை பத்து மணிக்குத் துரையைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, எல்லாக் கேமராவையும் விடாமல் அமுக்கச் சொன்னேன். அவரும் வேர்க்க வேர்க்க அமுக்கினார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. ஒரே ஒரு தடவை பதின்மூன்று. கேண்டீனும் அன்றே திறந்தது.

கோலாலம்பூர்ப் புகார் நின்றது. கேண்டீன் தேத்தண்ணியும் பழையபடி பாத்திரம் கழுவிய தண்ணீராயிற்று. ஒரு வாரம் கழித்து மெஷின் பிரிவு ஆட்கள் நாலு பேர் என்னிடம் வந்து, தினமும் ஒரு மணி நேரம் மட்டும் அந்தப் பழுதைத் திருப்பி வைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். முடியும் என்பதுதான் உண்மை. முடியாது என்று சொன்னேன்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை துரை கேண்டீனுக்கு வந்தார். அவர் அங்கே வந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் என் அறிக்கை இருந்தது. அதை மேசையில் வைத்தார். நான் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"கிழிச்சா பின்னால வர்றவங்களுக்கு எதுவும் தெரியாது. என்ன தப்புன்னு அடியில எழுதுங்க" என்றார்.

பேனாவை வாங்கி எழுதினேன்: "சோதனை மத்தியானத்தில் மட்டும் நடந்தது. பழுது நடந்த நேரத்தில் நான் கேண்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்." துரை படித்தார். பேனாவைத் திரும்ப வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: "அதே நேரத்தில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." கையெழுத்தும் போட்டார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. இது அதற்குப் பக்கத்தில் வந்த ஏதோ ஒன்று என்று எல்லாருக்கும் புரிந்தது.

சரஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எடுத்தாள். இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தாள்.

"தப்புப் பண்ண ரெண்டு பேரு பேரும் இருக்கு. கண்டுபிடிச்ச ஆளு பேரு எங்க தொர?" என்றாள்.

துரை பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை, நீங்களே எழுதுங்கள் என்றாள். அவர் குனிந்து எழுதினார்: "கண்டுபிடித்தவர்: திருமதி சரஸ்வதி, கேண்டீன்." தேதியைப் போடச் சொன்னாள், போட்டார். நேரத்தையும் போடச் சொன்னாள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பத்து இருபது என்று எழுதினார். அவள் எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்து இருபத்திரண்டு என்று திருத்தச் சொன்னாள்.